யூஸ்டாச்சியஸ் டி லனாய்

யூஸ்டாச்சியஸ் பெனடிக்டஸ் டி லனாய் (1715 – ஜூன் 1, 1777) என்பவர் 18ஆம் நூற்றாண்டில் திருவிதாங்கூர் அரசின் படைத்தலைவராகப் பணியாற்றிய ஐரோப்பியர் ஆவார். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படையில் இருந்த இவர், 1741இல் குளச்சலில் திருவிதாங்கூர்ப் படையிடம் சிறைப்பட்டார். பின்னர் தம்மைச் சிறைப்பிடித்த மன்னர் மார்த்தாண்ட வர்மாவிடமே பணியில் சேர்ந்து, இறக்கும் வரை அவ்வரசுக்கு உழைத்தார். இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ள உதயகிரிக் கோட்டையைத் தமது இருப்பிடமாகக் கொண்டு பீரங்கி வார்க்கும் ஆலையை நடத்தியதும், திருவிதாங்கூர் வீரர்களை ஐரோப்பிய முறையிலான துப்பாக்கிப் படையாகப் பயிற்றுவித்ததும் இவரது முதன்மையான பணிகளாகும். மக்கள் இவரை வலிய கப்பித்தான், அதாவது பெரிய கேப்டன் என்று அழைத்தனர். உதயகிரிக் கோட்டைக்கும் இவர் பெயரால் தில்லானைக் கோட்டை என்ற வழக்கு ஏற்பட்டது.

வரலாற்றுப் பின்னணி

18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வேணாடு என்ற பெயரில் இருந்த திருவிதாங்கூர் ஒரு சிற்றரசாகவே இருந்தது. அதன் தலைநகர் கல்குளம் என்னும் பத்மநாபபுரம் ஆகும். அரசின் நெற்களஞ்சியமாக விளங்கியது தெற்கே உள்ள நாஞ்சில் நாடு. தோவாளை, அகத்தீசுவரம் பகுதிகளைக் கொண்ட இந்த வயல்வெளிக்குக் கிழக்கேயிருந்து நுழையும் வாயில் ஆரல்வாய்மொழிக் கணவாய் ஆகும். மதுரை நாயக்கர் படைகள் அவ்வழியே பலமுறை நாஞ்சில் நாட்டினுள் புகுந்துள்ளன.

1729இல் ஆட்சிக்கு வந்த மார்த்தாண்ட வர்மா, முதலில் உள்நாட்டுப் பிரபுக்களான எட்டு வீட்டுப் பிள்ளைமாரின் அதிகாரத்தை ஒடுக்கினார். அடுத்து வடக்கே இருந்த சிற்றரசுகளைத் தம் ஆட்சியின் கீழ்க் கொண்டுவர முனைந்தார். அச்சிற்றரசுகள் பலவும் டச்சுக்காரருடன் மிளகு ஒப்பந்தம் செய்திருந்தவை. எனவே ஒவ்வொரு சிற்றரசும் வீழும்போது டச்சுக்காரரின் மிளகு வணிகமும் குறைந்தது. இலங்கையின் டச்சு ஆளுநராக இருந்த வான் இம்ஹாஃப், இளையடத்து சுவரூபம் என்னும் கொட்டாரக்கரை அரசின் பொருட்டு மார்த்தாண்ட வர்மாவிடம் பேசியும் பயன் கிட்டவில்லை. இதன் விளைவாக டச்சுக் கம்பெனி போரில் இறங்கியது.

இளமை

டி லனாய் இன்றைய பிரான்சின் வடபகுதியில் உள்ள அராஸ் நகரில் பிறந்தவர் எனக் குறிப்பிடப்படுகிறது. கத்தோலிக்க சமயத்தைச் சேர்ந்த இவர், டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படையில் சேர்ந்து கீழைநாடுகளுக்கு வந்தார். அக்காலத்தில் இக்கம்பெனியின் படையில் டச்சுக்காரர் மட்டுமன்றி, ஜெர்மானியர், பிளெமிஷ் மக்கள், பிரெஞ்சுக்காரர் எனப் பலரும் கூலிக்குப் பணிபுரிந்தனர்.

குளச்சல் போர்

இலங்கையிலிருந்து வந்த டச்சுப் படை, பத்மநாபபுரத்துக்கு அண்மையில் உள்ள குளச்சல் துறைமுகத்தில் இறங்கி அங்கே அரண் அமைத்தது. கரையோர ஊர்கள் தாக்கப்பட்டன. தலைநகருக்கே ஆபத்து ஏற்பட்டதால், வடக்கே போரில் இருந்த மார்த்தாண்ட வர்மா படையுடன் தெற்கே திரும்பினார். திருவிதாங்கூர்ப் படை குளச்சலை நிலவழியாக முற்றுகையிட்டது. முற்றுகையின்போது டச்சுக்காரரின் வெடிமருந்துக் கிடங்கு தீப்பற்றியது. உணவும் மருந்தும் இழந்த அவர்கள் 1741 ஆகஸ்டில் சரணடைந்தனர்.

இப்போர் ஜூலை 31 அன்றும், புதிய நாட்காட்டியின்படி ஆகஸ்ட் 10 அன்றும் நினைவுகூரப்படுகிறது. 24 ஐரோப்பியர் சிறைப்பட்டதாகவும், 389 துப்பாக்கிகளும் சில பீரங்கிகளும் கைப்பற்றப்பட்டதாகவும் திருவிதாங்கூர் வரலாற்று நூல்கள் கூறுகின்றன. டி லனாய் இப்படையின் தலைவராக இருந்தார் என்பது மரபான செய்தி. டச்சு ஆவணங்களை ஆராய்ந்த பிற்கால ஆய்வாளர் சிலர், அவர் அவ்வளவு உயர்ந்த பதவியில் இருக்கவில்லை எனக் கருதுகின்றனர்.

ஐரோப்பிய வல்லரசு ஒன்றை ஆசிய அரசு ஒன்று தோற்கடித்த முதற் போர் இதுவே என்று பரவலாகச் சொல்லப்படுவது சரியன்று. 1662இலேயே இதே டச்சுக் கம்பெனியைச் சீனத் தளபதி கொக்சிங்கா தைவானிலிருந்து வெளியேற்றியிருந்தார். ஆயினும் மலபார்க் கரையில் டச்சுக்காரரின் சரிவு குளச்சலில் தொடங்கியது என்பதில் ஐயமில்லை.

கைதியிலிருந்து பயிற்சியாளராக

கைதிகள் பத்மநாபபுரத்துக்கு அருகே புலியூர்க்குறிச்சியில் உள்ள உதயகிரிக் கோட்டையில் வைக்கப்பட்டனர். டி லனாயின் திறமையைக் கண்ட மன்னர், சில படைப்பிரிவுகளுக்கு ஐரோப்பிய முறையில் பயிற்சி அளிக்கும்படி பணித்தார். பயிற்சி மன்னருக்கு நிறைவளித்ததால், டி லனாய் படிப்படியாக உயர்ந்து படைத்தலைவரானார்.

இந்த ஏற்பாடு இரு தரப்புக்கும் துணிவு வேண்டிய ஒன்றாகும். நேற்றுவரை எதிரியாக இருந்தவனிடம் படைக்கலங்களை ஒப்படைப்பது மன்னரைப் பொறுத்தவரை ஆபத்தான செயல். டி லனாயைப் பொறுத்தவரை, கம்பெனிக்கு எதிராக ஆயுதம் ஏந்திய பிறகு அதனிடம் திரும்பிச் செல்ல வழியில்லை. அவரது வாழ்வு திருவிதாங்கூரின் வெற்றி தோல்வியுடன் பிணைக்கப்பட்டது.

உதயகிரிக் கோட்டையும் வார்ப்பாலையும்

உதயகிரியில் முன்பே ஒரு மண்கோட்டை இருந்தது. மார்த்தாண்ட வர்மாவின் ஆணைப்படி 1741க்கும் 1744க்கும் இடையில் அது கருங்கல்லால் மீண்டும் கட்டப்பட்டது. டி லனாய் இப்பணியை மேற்பார்வையிட்டார். சுமார் 90 ஏக்கர் பரப்புள்ள இக்கோட்டையின் மதில், ஒரு குன்றையும் உள்ளடக்கியது. தலைநகரான பத்மநாபபுரத்துக்கு மிக அருகில் அமைந்திருந்ததால், அரண்மனைக்கு அரணாகவும் படைகளின் இருப்பிடமாகவும் ஒருங்கே பயன்பட்டது.

கோட்டைக்குள் டி லனாயின் மேற்பார்வையில் ஒரு வார்ப்பாலை நிறுவப்பட்டது. பீரங்கிகள், குறும்பீரங்கிகள், பீரங்கிக் குண்டுகள் ஆகியவை அங்கே செய்யப்பட்டன. இங்கு வார்க்கப்பட்ட, பல யானைகளைக் கொண்டும் நகர்த்த இயலாத பெரும் பித்தளைப் பீரங்கி ஒன்று கோட்டையில் கிடந்ததாகப் பழைய நூல்கள் குறிப்பிடுகின்றன.

அக்காலத்தில் பீரங்கி வார்ப்பது கடினமான தொழில். முதலில் பீரங்கியின் வடிவத்தைச் செய்து, அதன்மேல் களிமண்ணைப் படிப்படியாகப் பூசி அச்சு எடுப்பர். அச்சை நன்கு சுட்டு, குழியில் செங்குத்தாக நிறுத்தி, உருக்கிய உலோகத்தை ஊற்றுவர். அச்சில் சிறிது ஈரம் இருந்தாலும் நீராவி உலோகத்தினுள் குமிழிகளை உண்டாக்கும். குமிழி விழுந்த பீரங்கி வெடிமருந்தின் அழுத்தத்தைத் தாங்காமல் சுடுபவர் மீதே வெடித்துவிடும். குழலின் துளையும் குண்டின் அளவும் பொருந்த வேண்டும். இடைவெளி மிகுந்தால் வாயு வீணாகி, குண்டு குறைந்த தொலைவே செல்லும். இடைவெளி மிகக் குறைந்தால் குண்டு குழலிலேயே சிக்கிக்கொள்ளும். பித்தளை, வெண்கலப் பீரங்கிகள் இரும்பை விட விலை கூடியவை. ஆனால் எளிதில் உடைந்து சிதறுவதில்லை என்பதால் விரும்பப்பட்டன.

ஆயுதத்தை விலைக்கு வாங்கும் அரசு, விற்பவரின் விருப்பத்துக்குக் கட்டுப்பட்டது. அக்காலத்தில் இக்கரையோரத்தில் பீரங்கி விற்றவர்கள் ஐரோப்பியக் கம்பெனிகளே. போர் மூண்டால் விற்பனை நிற்கும். பயன்படுத்தும் இடத்திலேயே பீரங்கியும் குண்டும் செய்ய முடிந்தது திருவிதாங்கூருக்கு இந்தக் கட்டுப்பாட்டிலிருந்து ஓரளவு விடுதலை அளித்தது.

துப்பாக்கிப் படையின் உருவாக்கம்

டி லனாய் வருவதற்கு முன்பும் திருவிதாங்கூரில் துப்பாக்கிகள் இருந்தன. அவற்றுள் பல திரித்துப்பாக்கிகள் ஆகும். இவற்றில் எரியும் திரியை மருந்தில் தொடச் செய்து சுட வேண்டும். மழையில் திரி அணைந்துவிடும். இரவில் திரியின் கங்கு வீரனின் இருப்பிடத்தைக் காட்டிக் கொடுக்கும். ஐரோப்பியப் படைகள் அப்போது பயன்படுத்தியது சக்கிமுக்கித் துப்பாக்கி. விசையை இழுத்ததும் சக்கிமுக்கிக்கல் எஃகுத் தகட்டில் மோதித் தீப்பொறியை உண்டாக்கும். பொறி கிண்ணியில் உள்ள சிறிதளவு மருந்தைப் பற்றவைக்க, அத்தீ சிறு துளை வழியாகக் குழலுக்குள் சென்று முதன்மை மருந்தை வெடிக்கச் செய்யும்.

இத்துப்பாக்கியிலும் ஒரு குண்டு சுட்டவுடன் மருந்தையும் குண்டையும் குழலின் வாய்வழியாக இட்டு, கோலால் கெட்டித்து, மீண்டும் சுட வேண்டும். நன்கு பயின்ற வீரர் ஒரு நிமிடத்துக்கு இரண்டு அல்லது மூன்று முறை சுடலாம். குழலில் மரை இல்லாததால் நூறு மீட்டருக்கு அப்பால் குறி தவறுவது இயல்பு. எனவே தனியொருவரின் குறியை நம்பாமல், வீரர்களை வரிசையாக நிறுத்தி, ஒரே ஆணையில் அனைவரையும் சுடச் செய்வதே ஐரோப்பிய முறை. ஒரு வரிசை சுடும்போது மற்றொரு வரிசை மருந்து கெட்டிக்கும். இதனால் சூடு இடைவிடாமல் தொடரும்.

இம்முறைக்குத் துப்பாக்கியை விட முக்கியமானது பயிற்சி. எதிரி நெருங்கி வரும்போது அஞ்சாமல் நின்று, ஆணை வரும் வரை சுடாமல் காத்திருக்கும் பழக்கம் பல மாத ஒத்திகையால் மட்டுமே வரும். அதுவரை திருவிதாங்கூர், போர்க்காலத்தில் திரட்டப்படும் நாயர் படைகளையும், திருநெல்வேலிப் பகுதியிலிருந்து கூலிக்கு அமர்த்தப்பட்ட மறவர் படைகளையும் நம்பியிருந்தது. வாளிலும் தனிப்போரிலும் தேர்ந்த வீரர்களை, வரிசையில் நின்று ஆணைக்குக் கட்டுப்படும் நிலையான படையாக மாற்றியதே டி லனாயின் பெரும் சாதனை எனலாம்.

வடதிசைப் போர்கள்

இந்தப் புதிய படையும், தளவாய் இராமையனின் நிருவாகத் திறனும் மார்த்தாண்ட வர்மாவின் விரிவாக்கத்துக்குத் துணைநின்றன. 1746இல் காயங்குளம் வீழ்ந்தது. தொடர்ந்து செம்பகச்சேரி என்னும் அம்பலப்புழை, தெக்கும்கூர், வடக்கும்கூர் ஆகிய அரசுகள் திருவிதாங்கூருடன் இணைக்கப்பட்டன. அம்பலப்புழையின் அரசர் அந்தணர் என்பதால் அவர் மீது ஆயுதம் ஏந்தத் திருவிதாங்கூரின் இந்து வீரர்கள் தயங்கியதாகவும், டி லனாயின் கீழிருந்த கிறித்தவ, முஸ்லிம் வீரர்கள் முன்னின்று சுட்டதாகவும் ஒரு செய்தி வழங்குகிறது.

1753இல் மாவேலிக்கரையில் கையெழுத்தான உடன்படிக்கையின் மூலம், உள்நாட்டு அரசர்களின் பூசல்களில் இனித் தலையிடுவதில்லை என்று டச்சுக்காரர் ஏற்றுக்கொண்டனர். மிளகுக்கு ஈடாக, ஆண்டுதோறும் 12,000 ரூபாய் பெறுமான போர்த்தளவாடங்களைத் திருவிதாங்கூருக்கு வழங்கவும் உடன்பட்டனர். குளச்சலில் தம்மை எதிர்த்த அரசுக்குப் பன்னிரண்டு ஆண்டுகளில் ஆயுதம் வழங்குபவர்களாக அவர்கள் மாறினர்.

தேவசகாயத்துடனான நட்பு

உதயகிரிக் கோட்டைப் பணிகளின்போது டி லனாய்க்கு நெருக்கமானவர் நட்டாலத்தைச் சேர்ந்த நீலகண்ட பிள்ளை ஆவார். 1712இல் பிறந்த இவர் பத்மநாபபுரம் அரண்மனை அலுவலர். பொருள் இழப்புகளால் மனம் தளர்ந்திருந்த இவருக்கு டி லனாய் விவிலியத்தில் உள்ள யோபுவின் கதையைக் கூறியதாக மரபு உண்டு. கிறித்தவத்தைத் தழுவ விரும்பிய நீலகண்ட பிள்ளை, 1745 மே 14 அன்று வடக்கன்குளத்தில் இயேசு சபைக் குரு புட்டாரியிடம் திருமுழுக்குப் பெற்று, தேவசகாயம் என்னும் பெயர் பெற்றார்.

1749இல் தேவசகாயம் கைது செய்யப்பட்டார். எருமை மீதேற்றி ஊர் ஊராகக் கொண்டு செல்லப்பட்டு, நீண்ட காலம் துன்புறுத்தப்பட்டு, 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழிக்கு அருகே உள்ள காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் உடல் கோட்டாறு புனித சவேரியார் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது. சமயம் மாறியதற்காகவே கொல்லப்பட்டார் என்பது கத்தோலிக்கத் திருச்சபையின் நிலைப்பாடு. அரசுக்கு எதிரான குற்றத்துக்காகவே தண்டிக்கப்பட்டார் என்று திருவிதாங்கூர் வரலாற்றாளர் சிலர் வாதிடுகின்றனர். 2012 டிசம்பர் 2 அன்று நாகர்கோவிலில் அருளாளராகவும், 2022 மே 15 அன்று உரோமையில் புனிதராகவும் தேவசகாயம் அறிவிக்கப்பட்டார்.

அரசின் படைகளுக்குப் பயிற்சியளித்த டி லனாயின் செல்வாக்கு, அவரது நண்பரின் உயிரைக் காக்கப் போதவில்லை. மன்னரின் நம்பிக்கைக்கு உரியவராக இருந்தாலும், நீதி, சமயம் ஆகியவற்றில் அயலவரான ஒரு படைத்தலைவரின் சொல் எடுபடவில்லை என்பதை இந்நிகழ்வு காட்டுகிறது. இதன் பின்னரும் டி லனாய் 25 ஆண்டுகள் அதே அரசுக்குப் பணிபுரிந்தார். தேவசகாயம் கொல்லப்பட்ட மலையை ஒட்டிய கணவாயின் பாதுகாப்பும் அவர் பொறுப்பில் இருந்தது.

அரண்கள்

டி லனாயின் பணியில் துப்பாக்கிக்கும் பீரங்கிக்கும் அடுத்த இடம் கோட்டைகளுக்கு உண்டு. பீரங்கிகள் பெருகிய காலத்தில், அவற்றைத் தாங்கும் மதிலும், சொந்தப் பீரங்கிகளை நிறுத்த மேடையும் கோட்டைகளுக்குத் தேவைப்பட்டன.

தெற்கே, கன்னியாகுமரிக்கு அருகே கடலோரத்தில் உள்ள வட்டக்கோட்டை இவரது மேற்பார்வையில் கருங்கல்லால் புதுப்பிக்கப்பட்டது. ஆரல்வாய்மொழிக் கணவாயை அடைத்து அமைந்த தெற்கு அரண்வரிசையும் வலுப்படுத்தப்பட்டது. இவ்விரண்டும் நாஞ்சில் நாட்டைக் கிழக்கிலிருந்து வரும் படைகளிடமிருந்து காப்பதற்கானவை.

1758இல் மார்த்தாண்ட வர்மா இறந்தபின், தர்மராஜா எனப்படும் கார்த்திகைத் திருநாள் இராம வர்மா ஆட்சிக்கு வந்தார். புதிய மன்னரிடமும் டி லனாய் அதே மதிப்புடன் இருந்தார். கோழிக்கோட்டு சாமூதிரியின் படைகளைக் கொச்சியிலிருந்து வெளியேற்றும் போரில் திருவிதாங்கூர் பங்கேற்றது. வடக்கிலிருந்து வரும் படையெடுப்புகளைத் தடுக்க நெடுங்கோட்டை என்னும் நீண்ட மண்ணரண் அமைக்கப்பட்டது. கடற்கரையிலிருந்து மேற்குத் தொடர்ச்சி மலை நோக்கிச் சுமார் 48 கிலோமீட்டர் நீண்ட இவ்வரணை அமைத்ததில் டி லனாய்க்குப் பங்கு உண்டு. அவர் இறந்து 12 ஆண்டுகளுக்குப் பின், 1789 டிசம்பரில் திப்பு சுல்தானின் முதல் தாக்குதல் இவ்வரணில்தான் முறியடிக்கப்பட்டது. மறு ஆண்டில் திப்பு அதை உடைத்து உள்ளே நுழைந்தார்.

குடும்பமும் இறப்பும்

டி லனாயின் மனைவி பெயர் மார்கரெட். இவர்களது மகன் யோவான் திருவிதாங்கூர்ப் படையில் சேர்ந்து, 1765இல் களக்காட்டில் நடந்த போரில் இருபது வயதுகூட நிறையாத நிலையில் இறந்தார். களக்காடு திருவிதாங்கூருக்கும் ஆற்காடு நவாபுக்கும் இடையே நீண்ட காலம் பூசலுக்கு உரியதாக இருந்த பகுதியாகும்.

டி லனாய் 1777 ஜூன் 1 அன்று உதயகிரிக் கோட்டையில் காலமானார். கோட்டைக்குள் இருந்த சிற்றாலயத்தில் அவர் அடக்கம் செய்யப்பட்டார். இலத்தீனிலும் தமிழிலும் பொறிக்கப்பட்ட கல்லறை எழுத்து, அவர் ஏறத்தாழ 37 ஆண்டுகள் மன்னருக்கு உண்மையுடன் பணியாற்றியதையும், காயங்குளம் முதல் கொச்சி வரையுள்ள நாடுகளை வென்று கொடுத்ததையும் குறிப்பிடுகிறது. அவர் ஊர் திரும்பவே இல்லை.

மதிப்பீடு

இந்திய அரசுகள் ஐரோப்பியரைக் கொண்டு படைகளைச் சீரமைத்த நிகழ்வுகளில் திருவிதாங்கூர் முன்னோடியானது. சென்னைக்கு அருகே அடையாற்றில், பயிற்சி பெற்ற சிறிய பிரெஞ்சுப் படை ஆற்காடு நவாபின் பெரும்படையைத் தோற்கடித்து, புதிய போர்முறையின் வலிமையை இந்தியா முழுதும் உணர்த்தியது 1746இல்தான். மராத்தியரான மகாதஜி சிந்தியா, டி பாய்ன் என்பவரைக் கொண்டு படை திரட்டியது 1784க்குப் பின்னரே. திருவிதாங்கூர் இதே பாதையை 1741லேயே தொடங்கிவிட்டது.

எனினும் இம்மாற்றத்தின் மறுபக்கமும் கருதத்தக்கது. நிலையான படையும் கோட்டைகளும் பெருஞ்செலவு பிடிப்பவை. அச்செலவுக்காகவே மிளகு வணிகம் அரசின் தனியுரிமையாக்கப்பட்டது. திருவிதாங்கூரின் விரிவாக்கத்தில் பல சிற்றரசுகள் மறைந்தன. டி லனாய் பலப்படுத்திய ஆரல்வாய்மொழி அரண்வரிசையும் என்றென்றைக்கும் நிலைக்கவில்லை. 1809 பிப்ரவரியில், வேலுத்தம்பி தளவாயின் எழுச்சியின்போது கர்னல் செயின்ட் லெஜர் தலைமையிலான ஆங்கிலப் படை அதைக் கைப்பற்றியது. தொடர்ந்து உதயகிரியும் ஆங்கிலேயர் வசமாகி, பின்னர் அவர்களது படை தங்குமிடமாகப் பயன்பட்டது.

நினைவிடங்கள்

உதயகிரிக் கோட்டை நாகர்கோவில் – திருவனந்தபுரம் சாலையில், தக்கலைக்கு அருகே புலியூர்க்குறிச்சியில் உள்ளது. 1956 நவம்பர் 1 அன்று கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டுடன் இணைந்தபோது இக்கோட்டையும் தமிழ்நாட்டுக்கு வந்தது. பின்னாளில் கோட்டை வளாகத்தில் வனத்துறையின் பல்லுயிரினப் பூங்கா அமைக்கப்பட்டது. கூரையிழந்த சிற்றாலயத்தின் சுவர்களுக்கிடையே டி லனாய், அவர் மனைவி, மகன் ஆகியோரின் கல்லறைகளைக் காணலாம்.

குளச்சல் கடற்கரையில் வெற்றித் தூண் ஒன்று நிற்கிறது. பழைய திருவிதாங்கூர்ப் படையின் மரபைத் தொடரும் மெட்ராஸ் ரெஜிமென்டின் 9ஆவது பட்டாலியன், ஜூலை 31ஐக் குளச்சல் நாளாகக் கொண்டாடுகிறது. மார்த்தாண்ட வர்மாவின் முன் டி லனாய் சரணடையும் காட்சியைச் சித்தரிக்கும் ஓவியம் பத்மநாபபுரம் அரண்மனையில் உள்ளது.